துஷ்டி அண்ணாச்சியின் உலகப் பதவி

திருநெல்வேலி மாவட்டத்தில் துஷ்டி அண்ணாச்சி வந்து பார்க்காமல் எவரும் சுடுகாடு போய்ச் சேர்ந்ததில்லை. அவர் ஒரு மருந்துக் கம்பெனியின் ஏரியா மேனேஜர் என்பதுதான் இதில் உள்ள ஒரே சங்கடம். சர்க்கரை வியாதிக்கு மாத்திரை விற்கிற மனிதர் ஊரில் விழுகிற அத்தனை சாவிலும் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தால், பார்க்கிறவர்கள் மாத்திரையைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று நான் பலமுறை கவலைப்பட்டிருக்கிறேன். அவர் ஒருமுறைகூடப் பட்டதில்லை.

சாவு வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரிப்பதை எங்கள் பக்கம் துஷ்டி கேட்பது என்பார்கள். கல்யாணத்துக்குப் போக முடியாமல் போனால் பிறகு ஒருநாள் போய், இளித்துக்கொண்டு நின்று சமாளித்துவிடலாம். துஷ்டிக்குப் போகாமல் விட்டவனுக்கு அப்படி ஒரு வழி கிடையாது. அண்ணாச்சிக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது கம்பெனி அடையாள அட்டையில் மட்டும் புழங்கியது.

நான் அவர் கீழே ஒன்பது வருஷம் மெடிக்கல் ரெப்பாக இருந்தேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கழுத்தில் டை, தோளில் பதினோரு கிலோ பை, டாக்டர் வாசலில் ஒரு மணி நேரக் காத்திருப்பு, உள்ளே கூப்பிட்டால் நாற்பது விநாடிக்குள் மாத்திரையின் பெருமையைச் சொல்லி முடித்தல், வெளியே வந்து அடுத்த வாசலில் காத்திருத்தல். இதுதான் எங்கள் உத்தியோகம். எந்த நாளில் எந்த ஊர் என்று முந்தின மாதமே எழுதி மும்பைக்கு அனுப்பிவிட வேண்டும். சாகிறவர்கள் அந்தத் திட்டத்தைப் படித்துப் பார்த்துச் சாவதில்லை என்பதால் எங்களுக்குத் தினமும் சிக்கல் வந்தது.

அண்ணாச்சி காலை எட்டு மணிக்கு வண்ணார்பேட்டையில் நின்று, ராத்திரி ஒட்டிய கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளை ஒன்று விடாமல் படிப்பார். மற்றவர்கள் பேப்பரில் ராசிபலன் பார்க்கிற நேரம் அது.

"ஏலே, இன்னைக்கு அம்பாசமுத்திரம் வேண்டாம். வண்டிய ஆழ்வார்திருநகரிக்கு விடு."

"அண்ணாச்சி, மும்பைக்கு அம்பாசமுத்திரம்னுல்லா எழுதி அனுப்பியிருக்கோம்."

"மும்பைக்காரன் செத்தா மும்பைக்குப் போவோம். இப்ப செத்தது ஆழ்வார்திருநகரி டாக்டரோட மாமனாரு. நீ வண்டிய எடு."

அவருடைய துஷ்டிக்குச் சட்டதிட்டம் உண்டு. சாவு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே டையையும் கழற்றிப் பைக்குள் போட்டுவிட வேண்டும். உள்ளே போய் வாயைத் திறக்கக் கூடாது. வீட்டுக்காரர் கையை ஒரு தடவை பிடிக்கலாம். அதற்கப்புறம் உட்கார வேண்டும். எவ்வளவு நேரம் என்று முதல் தடவை போனபோது கேட்டேன்.

"நம்ம இருக்கதே அவங்களுக்கு மறந்து போற வரைக்கும்" என்றார்.

சராசரியாக அது மூன்று மணி நேரம் வந்தது. எழுந்து வரும்போது வாறேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. சாவு வீட்டில் போய்த் திரும்ப வருகிறேன் என்று எவன் சொல்லுவான்? பேசாமல் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். குளிக்காமல் எதையும் தொடக் கூடாது. ஆகவே நேராகத் தாமிரபரணிப் படித்துறை. அவர் மூன்று முழுக்கு, நான் மூன்று முழுக்கு. பகல் இரண்டு மணிக்குத் தலையில் நீர் சொட்டச் சொட்ட டை கட்டிக்கொண்டு டாக்டர் முன்னால் போய் நின்ற ரெப்புகள் இந்தியாவிலேயே எங்கள் ஏரியாவில்தான் இருந்தார்கள். டாக்டர்கள் மாத்திரை பற்றிக் கேட்பதை விட்டுவிட்டு எங்கள் தலையைப் பார்த்து, "யாரு?" என்று கேட்கப் பழகிவிட்டார்கள்.

பாளையங்கோட்டைக் கிறிஸ்தவ வீடுகளில் எந்தப் பாட்டுக்கு எழுந்து நிற்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். மேலப்பாளையத்து முஸ்லிம் வீடுகளிலிருந்து சேதி வந்த உடனே கிளம்ப வேண்டும், தாமதித்தால் அடக்கம் முடிந்துவிடும் என்று தெரியும். சைவ வீடுகளில் எடுக்கிற நேரத்தைப் பற்றிப் பங்காளிகளுக்குள் சண்டை வந்தால் தீர்த்து வைக்கவும் தெரியும். அமரர் ஊர்தி டிரைவர்கள் அவருக்கு ஃபோன் போட்டு வழி கேட்பார்கள்.

ஒருமுறை எதிர்க் கம்பெனி ரெப் ஒருவரின் தாயார் இறந்துவிட்டார். மாதக் கடைசி. அந்த மனிதர் சாவு வீட்டில் உட்கார்ந்து, விற்பனை இலக்கு முடியாமல் வேலை போய்விடுமே என்று அதற்கும் சேர்த்து அழுதார். அண்ணாச்சி அவருடைய பையைத் தூக்கி என் இன்னொரு தோளில் மாட்டிவிட்டார். நான்கு நாள் நாங்கள் எதிர்க் கம்பெனியின் மாத்திரையை விற்றோம். பாளையங்கோட்டை டாக்டர் ஒருவர் குழம்பிப் போனார்.

"என்ன வே, போன வாரம் இந்த மாத்திரை ஆகாதுன்னு சொன்னீரு. இன்னைக்கு இதையே எழுதச் சொல்லுதீரு. எதுதாம்யா நல்லது?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் இதுதான் நல்லது சார். பதினாறு கழியட்டும், நான் வந்து பழையபடி திட்டுதேன்."

அந்த மாதம் எதிர்க் கம்பெனி ரெப்புக்கு மாநில அளவில் பரிசு கிடைத்தது. எங்களுக்கு மும்பையிலிருந்து விளக்கம் கேட்டு ஓலை வந்தது.

இன்னொரு டாக்டர், தகப்பனார் காரியம் முடிந்த கையோடு அண்ணாச்சியைக் கூப்பிட்டு, "மூணு நாளும் கூடவே இருந்திய. இனிமே உங்க மாத்திரையத்தான் எழுதப் போறேன்" என்றார். வேறு ஒரு மேனேஜராக இருந்தால் அந்த இடத்திலேயே காலில் விழுந்திருப்பான். இவர் பதறிப்போய், "எழுதிராதிய சார்! துஷ்டிக்கு வந்ததுக்குக் கூலி வாங்குனமாதிரி ஆயிரும். ஒரு வருசம் போகட்டும். அப்பமும் மாத்திரை நல்லதுன்னு தோணுச்சுன்னா எழுதுங்க" என்று சத்தியம் வாங்கிக்கொண்டு வந்தார். டாக்டர் சொன்ன சொல் தவறாதவர். ஒரு வருஷம் எங்கள் மாத்திரையைத் தொடவே இல்லை.

இப்படிப்பட்டவரை வேலையை விட்டு அனுப்பியிருக்க வேண்டும். கம்பெனி அவரை உலகப் பதவிக்கு எடுத்தது.

நடந்தது இதுதான். எங்கள் கம்பெனியின் தலைமை அலுவலகம் ஐரோப்பாவில் பனி பெய்கிற ஊர் ஒன்றில் இருக்கிறது. வெயிலில் அலைகிற ஆட்களைப் பிடித்து, ஆறு மாதம் பல நாடுகளுக்கு மேலே உட்கார வைத்தால் அவர்களுக்குத் தலைமைப் பண்பு தன்னால் வளரும் என்று அங்கே யாருக்கோ தோன்றியிருக்கிறது. நாட்டுக்கு ஓர் ஆள் வேண்டும் என்று உத்தரவு வந்தது. மும்பையில் இருந்த நிபுணர்கள் இந்தியா முழுக்க வந்திருந்த தினசரி அறிக்கைகளைக் கணினியில் போட்டுச் சலித்தார்கள். எல்லா மேனேஜரும் ஒரு டாக்டரோடு இருந்த நேரம் ஒரு நிமிடத்துக்குக் கீழே. ஒரே ஒரு அறிக்கையில் மட்டும் இப்படி இருந்தது: "சந்தித்த டாக்டர்: ஒருவர். இருந்த நேரம்: மூன்று மணி பத்து நிமிடம். மாத்திரை பற்றிப் பேசியது: இல்லை." அண்ணாச்சி பொய் எழுத மாட்டார். உண்மையைச் சுருக்கமாக எழுதுவார்.

மும்பையில் அதைப் படித்தவர்களுக்கு மெய்சிலிர்த்துவிட்டது. ஃபோன் போட்டார்கள். ஒரு வார்த்தைகூட விற்காமல், வாடிக்கையாளரோடு மூன்று மணி நேரம் இருக்கிற இந்த முறையை எங்கே கற்றீர்கள் என்று கேட்டார்கள்.

"எங்கப்பா சின்ன வயசுலயே கூட்டிட்டுப் போயிருவாங்க சார்" என்றார் அண்ணாச்சி.

பரம்பரையாக வந்த விற்பனை முறை என்று குறித்துக்கொண்டார்கள். அந்தப் பேச்சில் சாவு என்ற சொல்லை இரண்டு தரப்பும் கடைசிவரை எடுக்கவில்லை. அவர்களுக்கு விஷயம் தெரியாது. அண்ணாச்சிக்கோ வெள்ளிக்கிழமை காலையில் எதற்கு அந்தப் பேச்சு என்று இருந்திருக்கிறது.

கென்யா, எகிப்து, பிலிப்பைன்ஸ் என மூன்று நாடுகளின் விற்பனைக்கு அவர் இணைத் தலைவர். ஆறு மாதம் வண்ணார்பேட்டையிலிருந்தே கணினி வழியாகப் பார்க்க வேண்டும். கடைசியில் ஒரு பரீட்சை. தேறினால் பதவி நிரந்தரம், குடும்பத்தோடு சிங்கப்பூர். தேறாவிட்டால் பழையபடி ஏரியா மேனேஜர்.

அவர் தேற வேண்டும் என்று அவரைவிட அதிகமாக ஆசைப்பட்டவன் நான். பாசத்தினால் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மை அது அல்ல. அவர் இடத்தில் தற்காலிக ஏரியா மேனேஜராக என்னை உட்கார வைத்திருந்தார்கள். அவர் சிங்கப்பூர் போனால் எனக்கு அது நிரந்தரம். திரும்பி வந்தால் நான் மறுபடியும் பை தூக்க வேண்டும். எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது, வலது தோள் இடது தோளைவிட இரண்டு விரற்கடை தாழ்ந்திருந்தது. முதல் வாரமே ஏரியா மேனேஜர் என்று போட்டு விசிட்டிங் கார்டு ஐந்நூறு அடித்துவிட்டேன். தற்காலிக என்ற சொல்லுக்குக் கார்டில் இடம் போதவில்லை. என் மனைவி ராஜி இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களுக்கும் ஃபோன் போட்டுச் சொல்லி முடித்திருந்தாள்.

மருந்து மொத்த வியாபாரி ஒருவரின் சரக்குக் கிட்டங்கிக்கு மேலே இருந்த மாடியறைதான் அண்ணாச்சியின் உலகத் தலைமையகம். அட்டைப் பெட்டிகளை அடுக்கி அதன்மேல் லேப்டாப். கீழே பஸ் கண்டக்டர் போடுகிற சத்தம் நைரோபி வரை கேட்டது. திங்கட்கிழமை மூன்று நாட்டு மேனேஜர்களும் திரையில் வருவார்கள். விற்பனையைப் பற்றிக் கேட்பார் என்று அவர்கள் புள்ளிவிவரங்களோடு காத்திருப்பார்கள். அண்ணாச்சியின் ஆங்கிலத்தில் வினைச்சொற்கள் குறைவு, ஆனால் யாருக்கும் புரியாமல் போனதில்லை. உங்கள் பக்கம் இந்த வாரம் துஷ்டி ஏதும் உண்டா என்று ஆரம்பிப்பார்.

நைரோபிக்காரர் முதலில் திகைத்தார். அப்புறம் உற்சாகமாகிவிட்டார். அவர்கள் பக்கம் ஒருவர் இறந்தால் அடக்கம் வரைக்கும் தினமும் சாயங்காலம் கூடிப் பேச ஒரு கமிட்டியே போடுவார்களாம்.

"கமிட்டியா!" என்று அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "இத்தன வருசமா நமக்கு இது தோணலையேலே."

கெய்ரோவில் பந்தல் போட்டு ஆண்கள் வரிசையாக உட்காருவார்கள், ஓதுவார்கள், சர்க்கரை போடாத காப்பி கொடுப்பார்கள் என்று அந்த ஊர் மேனேஜர் சொன்னார். அண்ணாச்சிக்கு எகிப்தின்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. மணிலா மேனேஜர் ரோசா சொன்னதுதான் அவரை உலுக்கிவிட்டது. அங்கே ஒரு வாரம்கூட உடலை வைத்திருப்பார்களாம். சாப்பாடு உண்டாம். விடிய விடியச் சீட்டாடுவார்களாம்.

"துஷ்டி வீட்டுல சீட்டா?" என்று கேட்டுவிட்டு லேப்டாப்பை மூடிவிட்டார். மறுநாள் காலையில் வண்ணார்பேட்டைச் சுவரொட்டிகளுக்கு முன்னால் நின்றுகொண்டு திடீரென்று சொன்னார்: "செத்தவரத் தனியா விடக்கூடாதுன்னு முழிச்சிருக்காங்கலே. நம்மாளு உக்காந்த மேனிக்கே தூங்கிருதான். அவங்க சீட்டு வச்சிருக்காங்க. சரிதான்."

ஆறு மாதத்தில் மூன்று நாட்டு விற்பனையும் கூடவில்லை. குறையவும் இல்லை. ஆனால் மூன்று நாட்டிலும் ஒரு ரெப்கூட வேலையை விட்டு ஓடவில்லை. எங்கள் தொழிலில் இது மழை பெய்து தெரு நனையாமல் இருந்த மாதிரி. சிங்கப்பூரில் இருந்த தேர்வுக் குழு இதைக் கவனித்துவிட்டது என்றும், பரீட்சை வெறும் சம்பிரதாயம்தான் என்றும் ரோசா எனக்கு ரகசியமாகச் சொன்னார். அரை மணி நேரம் அண்ணாச்சி பேச வேண்டும். அவ்வளவுதான்.

நான் மூன்று வாரம் உட்கார்ந்து நாற்பது ஸ்லைடு தயார் செய்தேன். அதில் வண்ணங்கள் இருந்தன, அம்புக்குறிகள் இருந்தன, தலைமைப் பண்பு என்ற சொல் பதினாறு இடத்தில் இருந்தது. அண்ணாச்சி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அத்தனையையும் மனப்பாடம் செய்தார். பரீட்சை நாளில் ராஜி கோயிலுக்குப் போய் அவர் பெயருக்கு அர்ச்சனை செய்தாள். நட்சத்திரம் தெரியாததால் என் நட்சத்திரத்தைச் சொல்லியிருக்கிறாள்.

மத்தியானம் மூன்று மணி. திரையில் சிங்கப்பூர்க் குழுவினர் மூன்று பேர், மூன்று நாட்டு மேனேஜர்கள், பனி பெய்கிற ஊரிலிருந்து இங்கிரிட். இந்தத் திட்டம் முழுவதற்கும் தலைவி அவர்தான். அறுபது வயது இருக்கும். அண்ணாச்சி அவரை இங்கிரிட்டம்மா என்பார். அவர்கள் எல்லோரும் இவரை அண்ணாச்சி என்று அழைத்தார்கள். அதுதான் குடும்பப் பெயர் என்று நம்பியிருந்தார்கள்.

இங்கிரிட் பேசினார். "தொடங்குவதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை என் அம்மா இறந்துவிட்டார். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். நாம் கூட்டத்தைத் தொடரலாம்."

சிங்கப்பூர்க்காரர்கள் மூன்று பேரும் வருத்தம் தெரிவித்தார்கள். ஆளுக்கு ஒரு வாக்கியம். அதற்கப்புறம் அவர்களில் ஒருவர், "அண்ணாச்சி, உங்கள் முதல் ஸ்லைடு" என்றார்.

நான் அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

அந்தக் கூட்டத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்த ஒரே ஆள் நான். எட்டி மைக்கை அணைத்துவிட்டுக் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

"அண்ணாச்சி, வேண்டாம். அரை மணி நேரந்தான். ஸ்லைட முடிச்சுட்டு அப்புறமா துஷ்டி கேட்டுக்கிடுவோம்."

"பெத்தவ செத்து மூணு நாளாகல. அந்தம்மா மூஞ்சியப் பாத்தியாலே? அது முன்னால நின்னு சக்கரை மாத்திரைக்குப் படம் காட்டச் சொல்லுதியா?"

"அவங்களே நல்லாருக்கேன்னு சொல்லுதாங்களே அண்ணாச்சி!"

"நல்லாருக்கேன்னு எல்லாவளுந்தான் சொல்லுவா. பேசாம உக்காரு."

கையைப் பிடிக்க வழி இல்லாததால் திரையைப் பார்த்துக் கும்பிட்டார். டையைச் சுருட்டிப் பைக்குள் போட்டார். துண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

சத்தம் வரவில்லை என்றார்கள். மைக் அணைந்திருக்கிறது என்றார்கள். மைக்கை எப்படிப் போடுவது என்று படம் வரைந்து அனுப்பினார்கள். நான் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினேன். அண்ணாச்சி என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தப் பிடி இரண்டு நாள் வலித்தது. பத்து நிமிடத்தில் சிங்கப்பூர்க்காரர் ஒருவர் வேறு கூட்டம் இருப்பதாகப் போனார். பின்னாலேயே மற்ற இருவரும் போய்விட்டார்கள். நைரோபிக்காரர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். கெய்ரோக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். ரோசா கையில் ஜெபமாலை வந்திருந்தது. ஆறு மாதப் பயிற்சி வீண் போகவில்லை.

இங்கிரிட் முதலில் எதையோ கேட்டார். பிறகு எதையும் கேட்கவில்லை. ஒரு கட்டத்தில் தன் கேமராவை அணைத்துவிட்டார். ஒரு கறுப்புச் சதுரமும் அதில் அவர் பெயரும் மட்டும் இருந்தன. அண்ணாச்சி அந்தச் சதுரத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். கீழே பஸ்கள் வந்தன, போயின. ஐம்பது நிமிடம் கழித்து எழுந்தார். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் படியிறங்கி ஆற்றைப் பார்த்து நடந்தார். மூன்று நாட்டு மேனேஜர்களும் அவரைப் போலவே சொல்லாமல் மறைந்தார்கள்.

நான் மைக்கைப் போட்டு, "மேடம், நெட்வொர்க் பிராப்ளம்" என்று கறுப்புச் சதுரத்திடம் சொல்லிவிட்டு அவர் பின்னால் ஓடினேன்.

படித்துறையில் நானும் மூன்று முழுக்குப் போட்டேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது, பழக்கம். திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. லேப்டாப் திறந்தபடி இருந்தது. திரையில் வேறு யாரும் இல்லை. அந்தக் கறுப்புச் சதுரம் மட்டும் அப்படியே இருந்தது. தலையிலிருந்து தண்ணீர் சொட்ட நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் அதுவும் போய்விட்டது. இதை அண்ணாச்சியிடம்கூட நான் சொன்னதில்லை.

மறுநாள் சிங்கப்பூரிலிருந்து கடிதம். நெட்வொர்க் கோளாறைப் புரிந்துகொள்கிறோம், வியாழக்கிழமை மறுபடியும் வைத்துக்கொள்வோம் என்று. எனக்குப் போன உயிர் வந்துவிட்டது. கடிதத்தை அண்ணாச்சிக்குக் காட்டினேன்.

"நெட்வொர்க்குன்னு யாருலே சொன்னது?"

"நான்தான்."

"எதுக்கு?"

சுற்றி வளைக்கத் தெம்பு இல்லை. "எனக்கு மேனேஜர் வேல வேணும் அண்ணாச்சி. நீங்க சிங்கப்பூர் போனாத்தான் அது எனக்கு. கார்டு ஐந்நூறு அடிச்சு வச்சிருக்கேன்."

கோபப்படுவார் என்று நினைத்தேன். கார்டு ஒன்றை வாங்கிப் பார்த்தார். எழுத்து நன்றாக இருக்கிறது என்றார். "வேல வேணும்னு கேளு, தப்பே இல்ல. துஷ்டியப் பொய்யாக்காத" என்று சொல்லிவிட்டு, லேப்டாப்பை இழுத்து ஒற்றை விரலால் பதில் தட்ட ஆரம்பித்தார். நாலு வாக்கியத்துக்கு நாற்பது நிமிடம் ஆனது. "நெட்வொர்க் மிக நன்றாக இருந்தது. எல்லோர் முகமும் தெரிந்தது. இங்கிரிட்டம்மாவின் தாயார் காலமாகியிருந்ததால் மாத்திரை பற்றிப் பேசவில்லை. கூட்டத்தை ஒரு மாதம் கழித்து வைத்துக்கொள்ளலாம்."

ஒரு மாதம் காத்திருக்க விதிகளில் இடமில்லை என்று சிங்கப்பூர்க் குழு எழுதியது. கூடவே மதிப்பீட்டுப் படிவம். தலைமைப் பண்பு: இன்னும் வளர வேண்டும். நேர மேலாண்மை: பலவீனம். கூட்டத்தில் பங்கேற்பு: இல்லை. அந்தக் கடைசி வரியை நான் ஐந்தாறு தடவை படித்தேன்.

"சரியாத்தான போட்டிருக்கான்" என்றார் அண்ணாச்சி. "நம்ம பேசலைல்லா."

எனக்கு வந்த ஆத்திரம் சாமானியமானதல்ல. நான்கு நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பரண்மேல் போட்டிருந்த பையை இறக்கித் தூசி தட்டினேன். ராஜி, "அரை மணி நேரம் வாயத் தொறந்திருந்தா அந்த மனுசனுக்கு என்ன கொறஞ்சு போயிரும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கார்டுகளின் பின்பக்கம் வெள்ளையாக இருந்ததால் மளிகைச் சாமான் எழுத வைத்துக்கொண்டாள்.

ஒன்றாம் தேதி காலை எட்டு மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு வண்ணார்பேட்டைக்குப் போனேன். அண்ணாச்சி வழக்கமான இடத்தில் சுவரொட்டி படித்துக்கொண்டிருந்தார். அவர் தோளிலும் ஒரு பை தொங்கியது. ரெப்பின் பை.

"என்ன அண்ணாச்சி இது?"

"பத்தமடை, அம்பாசமுத்திரம் லைனு ஆளில்லாமக் கெடக்குல்லா. அத நான் பாக்கேன்னு மும்பைக்கு எழுதிப் போட்டேன். சரின்னுட்டான். மேனேஜரா நீயே இருந்துக்கோ."

ஐம்பத்து நாலு வயதில் பதினோரு கிலோ. "எனக்காகவா அண்ணாச்சி?"

"ஒனக்காக ஒரு மண்ணும் இல்ல. மேனேஜர்னா ரிப்போர்ட்டு எழுதியே பொழுது போயிருதுலே. போன மாசம் மட்டும் மூணு துஷ்டி விட்டுப் போச்சு. மனசு கேக்கல. வண்டிய எடு, ஒன் பையையும் இங்கன குடு, மேனேஜர் பை தூக்கப்பிடாது."

மேனேஜர் ஆனதும் நான் செய்த முதல் வேலை, அந்தப் போன மாதத்தைச் சரிபார்த்ததுதான். வீடு வீடாக விசாரித்தேன். அவர் ஒரு துஷ்டியையும் விட்டிருக்கவில்லை. அத்தனை வீட்டுக்கும் போயிருந்தார், அத்தனை வீட்டிலும் கடைசிவரை இருந்திருந்தார். பொய்யே எழுதாத மனிதர் எனக்காக ஒரு பொய் சொல்லியிருந்தார். அன்றைக்குத்தான் அவர்மேல் வைத்திருந்த கோபம் முழுக்க இறங்கியது. அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. அதை அவரிடம் சொன்னால் திட்டுவார்.

இப்போது மூன்று வருஷமாக நான்தான் அவருக்கு மேலதிகாரி. டாக்டர்களுக்கு முன்னால் என்னைச் சார் என்கிறார். வெளியே வந்து வண்டியில் ஏறியதும் ஏலே என்கிறார். அவருடைய அறிக்கைகளில் நான்தான் கையெழுத்துப் போடுகிறேன். மூன்று மணி பத்து நிமிடம், மாத்திரை பற்றிப் பேசியது இல்லை.

போன வாரம் கம்பெனியிலிருந்து எனக்கு ஒரு படிவம் வந்தது. உலகப் பதவிகளுக்கு மறுபடியும் ஆள் எடுக்கிறார்கள். இந்தத் தடவை பரீட்சை கிடையாது, மேனேஜர் ஒரு பெயரைச் சொன்னால் போதும், நேராகச் சிங்கப்பூர். ஒரே ஒரு கேள்விதான். உங்கள் குழுவில் பல நாடுகளுக்குத் தலைமை தாங்கத் தகுதியானவர் யாராவது உண்டா?

அண்ணாச்சியிடம் கேட்டேன். "அங்கன எனக்கு யாரலே தெரியும்?" என்றார்.

படிவத்தில் இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டேன். அவர் சொன்னதற்காக அல்ல. உண்டு என்று எழுதினால் கொண்டுபோய்விடுவார்கள். எனக்கு அவர் இங்கே வேண்டும்.